வாயிலுக்கு வராத பொட்டலம்

கடைக்கு நாம் போன காலம் போய், கடை நம்மை நாடி வரும் காலம் இது. புடவையும் புத்தகமும், மருந்தும் மாவரைக்கும் இயந்திரமும், கையிலுள்ள தொலைபேசியை விரலால் தொட்ட அன்றே எங்கோ ஒரு கிடங்கிலிருந்து புறப்பட்டு விடுகின்றன. புறப்பட்ட பொருள் ஆயிரம் கிலோமீட்டரை இரண்டு நாட்களில் கடந்து விடுகிறது. எஞ்சி நிற்பது கடைசி ஒரு பர்லாங்கு தூரம். சங்கடம் எல்லாம் அந்த ஒரு பர்லாங்கில்தான். ஊர் வரை வந்த பொட்டலம் வீடு வரை வருவதில்லை. வந்தாலும் அடுத்த தெருவில் யாரோ ஒருவர் வீட்டில் இறங்கி விடுகிறது. இரண்டும் இல்லையேல், ‘கதவு பூட்டியிருந்தது’ என்னும் குறிப்போடு வந்த வழியே திரும்பிப் போகிறது. இதைப் பற்றிச் சில விஷயங்களை இன்று நேயர்களுடன் கலந்து பேச விரும்புகிறோம்.

பேச்சுக்கு நிலைக்களனாகச் சந்தாபுராவை எடுத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், மின்னணு நகரத்தையும் பொம்மசந்திராவையும் கடந்தவுடன் வருவது இவ்வூர். ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே அத்திபெலேயைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. கேழ்வரகுக் கொல்லைகளும் ஏரியும் சூழ்ந்த சாலைச் சந்திப்பாக இருந்த ஊர், பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் பெருகவே, குடியிருப்பாக மாறலாயிற்று. 2010-இல் சில்க் போர்டிலிருந்து மின்னணு நகரம் வரை மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே ஹீலலிகே ரயில் நிலையம். கர்நாடக வீட்டு வசதி வாரியம் அமைத்த சூரியா நகர் ஒருபுறம். தனியார் பிரித்து விற்ற மனைகள் மறுபுறம். கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி, ஒரியா, வங்காளம் என எல்லா மொழிகளும் சந்தாபுரா வட்டத்தில் ஒரு மாலைப் பொழுதில் காதில் விழும். இங்கே குடியேறியவர்களில் தமிழர் தொகை சிறியதன்று.

ஊர் வளர்ந்த வேகத்தில் மேல்விலாசம் வளரவில்லை. ஒவ்வொரு மனைப் பிரிவினரும் தத்தம் நிலத்தில் ஒன்றாம் எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்கினர். ஆகையால் ‘முதல் மெயின், இரண்டாம் கிராஸ்’ என்பது ஓரிடத்தைக் குறிப்பதில்லை. அரைக் கிலோமீட்டருக்குள்ளாகவே மூன்று நான்கு இடங்களைக் குறிக்கக்கூடும். வீட்டு எண்ணின் கதையோ இதனினும் விசித்திரமானது. நிலத்தின் பத்திரத்தில் சர்வே எண் ஒன்று. மனைப் பிரிவின் வரைபடத்தில் சைட் எண் ஒன்று. மின்சார மீட்டருக்கு ஆர்.ஆர். எண் என்று மற்றொன்று. வாயிற்சுவரில் எழுதப்படுவது இவற்றுள் எது என்பது வீடு கட்டியவரின் மனப்போக்கைப் பொறுத்தது. சிலர் எதையும் எழுதுவதில்லை. பிள்ளையின் பெயரை எழுதி, ‘நிலையம்’ என்று சேர்த்து விடுவர். கொண்டு வரும் இளைஞனுக்கு ‘கார்த்திக் நிலையம்’ என்பதனால் என்ன விளங்கும்? ‘மாரியம்மன் கோயில் அருகில்’ என்று அடையாளம் சொல்வோரும் உண்டு. எந்த மாரியம்மன் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

ஊரின் பெயரும் தன் பங்குக்குத் தொல்லை தருகிறது. தமிழர் ‘சந்தாபுரம்’ என்பர், கன்னடத்தில் ‘சந்தாபுரா’, ஆங்கில எழுத்தில் அவசரமாக எழுதினால் மகாராஷ்டிர மாநிலத்துச் சந்திரப்பூருக்கும் இதற்கும் ஓரிரண்டு எழுத்தே வேற்றுமை. இவ்வகைக் குழப்பத்தைத் தீர்க்கவே நம் நாட்டில் அஞ்சல் குறியீட்டு எண் பிறந்தது. 1972-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் பதவி வகித்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் வடமொழிக் கவிஞரும் ஆவார் என்பதை, எழுத்தை நம்பிப் பிழைக்கும் நாம் சற்றே பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். ஆறு இலக்கங்களில் முதலாவது மண்டலத்தைக் காட்டும். முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபாலாபீஸைக் காட்டும். மின்னணு நகரம் 560100, ஆனேக்கல் 562106. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள புதிய மனைப் பிரிவுகளில் வாடகைக்கு வருவோர், வீட்டுக்காரர் சொன்ன எண்ணையோ, பழைய வீட்டின் எண்ணையோ எழுதிவிட்டுக் காத்திருக்கின்றனர். ஒரு இலக்கம் பிசகினால் பொட்டலம் வேறொரு கிடங்குக்குப் போய்ச் சேர்கிறது. இங்கிருந்து சுமார் பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூருக்கோ 635109. சாலையில் அரை மணிப் பயணம். தபால் கணக்கில் ஐந்தாம் மண்டலம் மாறி ஆறாம் மண்டலம்.

அஞ்சலுக்கு இந்த மண் புதியதன்று. மைசூர் அரசில் சிக்கதேவராஜ உடையார் காலத்தில், 1672-இல், ‘அஞ்சே’ என்னும் தபால் முறை ஏற்பட்டது. 1889-இல் அது இந்தியத் தபால் இலாகாவுடன் சேர்க்கப்படும் வரை நடந்து வந்தது. நாம் இன்று ‘அஞ்சல்’ என்று வழங்கும் சொல்லும் அவர்களது ‘அஞ்சே’யும் உறவுச் சொற்கள். திருவிதாங்கூரிலும் ‘அஞ்சல்’ என்ற பெயருடனேயே தனித் தபால் இருந்து, 1951-இல் இந்தியத் தபாலுடன் கலந்தது. அந்நாளில் ஓலையைச் சுமந்து ஓடியவனுக்கு வழிவிட வேண்டியது வழிப்போக்கரின் கடமை. இன்று பொட்டலத்தைச் சுமந்து வருபவனுக்கு அடுக்ககத்தின் காவலாளிகூட வழிவிடுவதில்லை.

பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கும் முறையைப் புதுமை என்று நம் பிள்ளைகள் கருதுகின்றனர். பெங்களூரில் 2007-இல் தொடங்கிய பிளிப்கார்ட் நிறுவனம் இம்முறையை 2010-இல் கைக்கொண்ட பிறகு, நாடெங்கும் இணைய வழி வாணிகம் செழித்தது உண்மையே. ஆயினும், வி.பி.பி. என்று நம் பாட்டனார் காலந்தொட்டு வழங்கிவரும் ஏற்பாடு அதுவேயன்றோ? நம் தபால் இலாகா அதனை ஏற்படுத்திய ஆண்டு 1877. தபால்காரர் கட்டை நீட்டுவார். பணத்தை எண்ணிக் கொடுத்தால் புத்தகம் நம்முடையது. வேற்றுமை எங்கே இருக்கிறது என்றால், தபால்காரரிடத்தில் இருக்கிறது. அவர் அந்த வட்டாரத்தில் பல்லாண்டுகள் நடந்தவர். எந்த வீட்டில் எவர் பகலில் உறங்குவார், எந்த வீட்டுப் பாட்டிக்குக் காது கேளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விலாசம் பாதி தவறாயினும் பொருள் வந்து சேர்ந்தது அந்த மனப்பாடத்தினால்தான். இன்று வருபவன் சென்ற மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பான். அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் சட்டையை அணிந்திருப்பான். தொலைபேசியிலுள்ள வரைபடம் காட்டும் நீலப் புள்ளியே அவனுக்கு ஊர். அந்தப் புள்ளி சில வேளைகளில் ஏரியின் நடுவில் நிற்கும்.

வீட்டில் ஆள் இல்லாமை அடுத்த காரணம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகள் இங்கு மிகுதி. தொழிற்பேட்டையில் இரவு முறை பார்த்துவிட்டு வந்தவர் காலை பத்து மணிக்கு ஆழ்ந்து உறங்குவார். மணி அடித்தாலும் எழமாட்டார். பொட்டலம் வருவதோ பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில். முன்னாளில் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைப்பார். இன்று பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையே அறியாதவர்கள் நம்மிடையே பலர். ஆகவே பொட்டலம் காவலாளியின் மேசைக்கடியில் குவிகிறது. அல்லது செருப்புப் பெட்டியின்மேல் வைக்கப்பட்டு, அதன் படம் எடுக்கப்பட்டு, ‘ஒப்படைக்கப்பட்டது’ என்ற செய்தி மட்டும் உரியவருக்குப் போகிறது. மாலையில் வந்து பார்த்தால் படத்தில் பெட்டி இருக்கிறது, வாயிலில் இல்லை.

திருட்டைத் தடுப்பதற்காக வந்தது ஓ.டி.பி. என்னும் இரகசிய எண். நல்ல ஏற்பாடுதான். தபால் இலாகாவும் 2025 அக்டோபர் முதல் விரைவுத் தபாலில் சிறு கூடுதல் கட்டணத்தின் பேரில் இந்த வசதியை அளித்து வருகிறது. ஆனால் எண் செல்வது பொருளுக்கு ஆணை கொடுத்தவரின் தொலைபேசிக்கு. பொருள் வருவதோ வீட்டிற்கு. நம் தெருவில் தனியே வசிக்கும் ஒரு மூதாட்டிக்கு, இரத்த அழுத்த மாத்திரைகளைப் புனாவிலுள்ள மகன் மாதந்தோறும் வரவழைத்துத் தருகிறார். ஒரு நாள் நடந்த உரையாடல் இது.

“அஜ்ஜி, ஓ.டி.பி. ஹேளி.”

“அது என் பிள்ளைக்குத்தான் போயிருக்கும் அப்பா. கூப்பிட்டுக் கேட்கிறேன், கொஞ்சம் பொறு.”

“இன்னும் அறுபது டெலிவரி இருக்கு அஜ்ஜி. நாளைக்கு வர்றேன்.”

மகன் ஏதோ ஒரு கூட்டத்தில் இருந்தார், அழைப்பை எடுக்கவில்லை. மறுநாள் வேறொருவன் வந்தான், வீட்டைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான்கு நாள் மாத்திரையில்லாமல் கழித்த அம்மையாருக்குத் தலைசுற்றல் கண்டு, பக்கத்து வீட்டார் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நேர்ந்தது. நிறுவனத்தின் ஏட்டில் இவ்வளவும் இரண்டே சொற்களில் அடங்கிவிட்டது: ‘டெலிவரி அட்டெம்ப்டெட்.’

இச்சொல் நம் தொழிலோடு தொடர்புடையது. எனவே சற்று நிற்போம். இதனைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது? ‘பட்டுவாடா செய்ய முயலப்பட்டது’ எனலாம். இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் முயன்றவர் யார், எத்தனை மணிக்கு முயன்றார், எந்தக் கதவைத் தட்டினார் என்னும் கேள்விகளுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. செயப்பாட்டு வினையின் சௌகரியமே இதுதான்; வினை நிற்கும், செய்தவன் மறைவான். அலுவலகக் கோப்புகளில் இருபதாண்டுகள் இந்த வினையோடு பழகிய நமக்கு அதன் குணம் நன்றாகத் தெரியும். தெருவுக்குள் வண்டியே நுழையாத நாளிலும் ‘முயலப்பட்டது’ என்ற குறிப்பு தொலைபேசிக்கு வந்து சேர்கிறது.

இத்தகைய குறிப்பு சட்டத்தின் முன் எவ்வளவு கனமுடையது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், சரியான விலாசமிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் உரிய காலத்தில் உரியவரை அடைந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. அடையவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை பெறுபவரைச் சாரும். வங்கியின் அறிவிப்பு, காசோலை வழக்கின் அறிவிப்பு, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு ஆகியவற்றின் உறையில் ‘வாங்க மறுத்தார்’ என்று ஒருவர் எழுதிவிட்டால், நாம் அதைக் கண்ணால் காணாவிடினும் கண்டவராகவே கருதப்படலாம். புடவை திரும்பிப் போனால் பணம் திரும்பி வரும். இந்த உறை திரும்பிப் போனால் வீடே போகக்கூடும். பதிவுத் தபால் என்னும் தனிப் பிரிவு 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. உறையில் எழுதப்படும் குறிப்பின் முக்கியத்துவம் அதனால் குறையவில்லை.

கொண்டு வருபவன்மேல் பழியைச் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது முறையாகாது. பல நிறுவனங்களில் அவனுக்கு மாதச் சம்பளம் இல்லை. கொடுத்து முடித்த பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. வண்டி அவனுடையது, பெட்ரோலும் அவனுடையது. மூன்று நிமிடம் ஒரு கதவின் முன் நின்றால் இன்னொரு பொட்டலத்தின் கூலி போயிற்று. சந்தாபுரா வட்டத்தில் மாலை நேரத்தில் வண்டிகள் நகராத நெரிசலை அறிந்தவர்கள், அந்த மூன்று நிமிடத்தின் விலையையும் அறிவார்கள். மழைக்காலத்தில் மண் சாலைகளில் அவன் படும் பாடு தனி. தண்ணீர் கேட்டால் கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. அடுக்ககத்தின் மின்தூக்கியில் ஏறக்கூடாது என்று பலகை மாட்டிய இடங்களும் இருக்கின்றன. ஐந்தாம் மாடிக்குத் தண்ணீர்ப் பெட்டி வரவழைப்பவர் அந்தப் பலகையை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம். கர்நாடக அரசு இத்தொழிலாளருக்கென 2025-இல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. நல வாரியம் ஒன்று அமைத்து, தொழிலாளிக்கு நிறுவனம் தரும் தொகையின்மேல் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நல நிதிக் கட்டணம் பெறுவது அதன் சாரம். விபத்துக்கும் நோய்க்கும் அது உதவும். ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம் சுமத்தலாம் என்னும் கேள்விக்கு இன்னும் விடை தேவை.

குறை ஏற்பட்டால் எங்கே போவது? தபால் இலாகாவைப் பொறுத்தவரை, 1898-ஆம் ஆண்டுச் சட்டம் இழப்புக்கும் தாமதத்துக்கும் அரசு பொறுப்பல்ல என்ற பாதுகாப்பை அளித்திருந்தது. 2023-இல் இயற்றப்பெற்று 2024 ஜூன் 18 முதல் அமலுக்கு வந்த புதிய தபால் சட்டமும், விதிகளால் வகுக்கப்படும் அளவுக்கு மேல் பொறுப்பேற்பதில்லை. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் இந்த ஒரு விஷயத்தில் நாம் அதிகம் நகர்ந்துவிடவில்லை என்றே சொல்ல வேண்டும். இணைய வழி வாணிகத்தின் நிலை வேறு. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் குறை தீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரை அறிவிக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதுமில்லை. நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்கிடலாம். இவ்வளவும் இருந்தும் நானூறு ரூபாய்ப் பொருளுக்காக எவரும் ஆணையத்தின் படி ஏறுவதில்லை. நிறுவனங்களும் அதை அறிந்தே இருக்கின்றன.

விலாசக் குழப்பத்துக்குத் தபால் இலாகா 2025 மே மாதத்தில் ஒரு புது மருந்தை வெளியிட்டது. ‘டிஜிபின்’ என்பது அதன் பெயர். ஹைதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் தேசியத் தொலை உணர்வு மையமும் துணைநின்று உருவாக்கியது. நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்றை அது தருகிறது. தெருவுக்குப் பெயரில்லாவிட்டாலும், மனைக்கு மூன்று எண்கள் இருந்தாலும், வாயிற்படிக்கு ஒரே குறியீடு. சந்தாபுரா போன்ற ஊர்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஒரு குறை: மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் கட்டம் ஒன்றே. இருபது வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட கட்டடத்தில் மாடி எண்ணையும் நாம் எழுதித்தான் தீர வேண்டும்.

சிங்கப்பூரில் வேறு வழி கண்டார்கள். 2021 முதல் அரசின் முயற்சியால், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அருகில் பொட்டலப் பெட்டகங்கள் ஆயிரம் அளவில் நிறுவப்பட்டன. குடியிருப்போர் சுமார் 250 மீட்டர் நடந்தால் ஒரு பெட்டகம் கிட்ட வேண்டும் என்பது திட்டம். வேலை முடிந்து வருகிற வழியில், எண்ணை அழுத்திக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். கதவைத் தட்டுவதும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. நம் ஊரில் பொம்மசந்திரா மெட்ரோ நிலையத்தின் வாயிலிலும், சூரியா நகரின் பேருந்து நிறுத்தத்திலும் இத்தகைய பெட்டகங்கள் வைக்கலாகாதா? இரவு முறைத் தொழிலாளிக்கும் உறக்கம் கெடாது. பொட்டலம் கொண்டு வருபவனுக்கும் ஒரே இடத்தில் முப்பது பொட்டலம் முடியும். நகராட்சியும் மெட்ரோ நிறுவனமும் எண்ணிப் பார்க்கத்தக்க யோசனை இது.

இக்குழப்பத்தில் மோசக்காரர்களும் குளிர்காய்கின்றனர். ‘உங்கள் பார்சல் கிடங்கில் இருக்கிறது, விலாசம் முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் திருத்துக’ என்று தபால் இலாகாவின் பெயரால் குறுஞ்செய்தி வரும். அது பொய் என்று மத்திய அரசின் உண்மை அறியும் பிரிவு எச்சரித்துள்ளது. விலாசம் உண்மையிலேயே பலமுறை தவறாகிப் போன ஊரில் இச்செய்தியை நம்பாதவர் யார்? இணைப்பைத் தொட்டு, சிறு தொகை கட்டச் சொல்ல, வங்கி எண்ணையும் கொடுத்துவிடுகின்றனர். ‘உமது பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருக்கிறது’ என்று போலீசார்போல் பேசி மிரட்டுவோரும் உண்டு. பணம் போய்விட்டால் தாமதியாமல் அழைக்க வேண்டிய எண் 1930.

இனி, நிறுவனமும் எண்ணும் குறியீடும் இல்லாத ஒரு பட்டுவாடாவையும் சொல்லி முடிப்போம். சேலத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் மாம்பழக் கூடையும், முருங்கைக்காய்க் கட்டும், வற்றல் டப்பாவும் பேருந்தில் ஏற்றி அனுப்பும் வழக்கம் நம்மவரிடையே இன்றும் நடக்கிறது. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021-இல் ‘நம்ம கார்கோ’ என்ற பெயரில் சரக்குச் சேவை தொடங்கியது. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளிலும் 2022-இல் பார்சல் சேவை வந்தது. இவற்றுள் எதுவும் வீட்டு வாயிலுக்கு வருவதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு நெடுஞ்சாலையோரம் போய் நிற்க வேண்டும். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் வண்டி எண்ணைச் சொல்லியிருப்பார். ஓட்டுநரின் எண்ணையும் வாங்கித் தந்திருப்பார். அத்திபெலே தாண்டியதும் ஓட்டுநரே அழைத்து, “பாலத்துக்குக் கீழே நில்லுங்க சார், வண்டி நிக்காது, வாங்கிக்கணும்” என்பார். சந்தாபுராப் பாலத்தடியில், மாம்பழக் காலத்தில், அந்த வேளையில் குல்லாயும் போர்வையுமாகக் காத்து நிற்கும் ஐந்தாறு பேரை எவரும் காணலாம்.